கூட்டித் தள்ளிய சொற்கள்

முடிவெட்டுகிறவருக்குக் கம்ப்யூட்டர் படிப்பு எதற்கு என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை. அதுவும் எங்கே உட்கார்ந்து கேட்டார்கள் என்கிறீர்கள்? அவருடைய நாற்காலியில், கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு! காதோரம் கத்திரி ஓடிக்கொண்டிருக்கும்போது கேலி பேசத் தனித் தைரியம் வேண்டும். சலூன்காரரின் வாடிக்கைக்காரர்களுக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

"என்ன தம்பி, நாளைக்கு ரோபோவ நிறுத்தி ஷேவ் பண்ணப் போறியா?" என்பார் செக்கர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். வேலைதான் விட்டதே தவிர, யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுத்தானா இல்லையா என்று எடைபோடுகிற பார்வை அவரை விடவில்லை.

"ஆமா சார், மொதல்ல உங்களுக்குத்தான்" என்று சிரித்து வைப்பார் சலூன்காரர். உண்மைக் காரணத்தைச் சொன்னால் கடையே கப்சிப் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரியும். காரணம், அவருடைய மகள்.

வீட்டிலும் கடையிலும் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். ஒத்த வயதுப் பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில் குட்டி ஒரு சொல் சொன்னதில்லை. காது நன்றாகக் கேட்டது. சொன்னதெல்லாம் புரிந்தது. குறும்புக்குக் கேட்கவே வேண்டாம், பவுடர் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். "வரும். வர வர ஒவ்வொண்ணா எழுதி வைங்க" என்று அவர் சொன்னார். அந்த அம்மாவின் வாய்முகூர்த்தம், வந்தது. ஒன்று வந்தால் அடுத்தது வரப் பல நாள் ஆகும். ஆனாலும் வந்தது.

கடையில் பாட்டுப் போடுவதற்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் சலூன்காரர் ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து எழுத ஆரம்பித்தார். ஒரு வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் தேதி. முதல் வரி 'அப்பா'. அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஷேவிங் செய்துவிட்டார். ஷேவிங் தேவைப்படாத ஒரு கல்லூரிப் பையனைக்கூட விடவில்லை.

பள்ளிக்கூடம்தான் தலைவலியாக இருந்தது. போன வருஷம் கூட்டிக்கொண்டு போனபோது குட்டி தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். தலைமையாசிரியை எவ்வளவோ கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. பழகாத இடம் என்றால் அவளுக்கு அப்படித்தான், பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். "அடுத்த வருஷம் பாக்கலாமே" என்றார் தலைமையாசிரியை. மாடிவீட்டுப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் குட்டியும் ஒரு பழைய பையை மாட்டிக்கொண்டு கடைவாசல்வரை போய்த் திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவாள். ஒரு வருஷம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே முடிவெட்டியவர் அவர்.

இந்த வருஷம் தலைமையாசிரியை ஒரு வழி சொல்லியிருந்தார். "இங்க பேசலேன்னா பரவாயில்ல. அவ என்னென்ன பேசறான்னு எழுதி எடுத்துட்டு வாங்க. அதப் பாத்து முடிவு பண்றேன்." ஆக, பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை குட்டியின் வாய் அந்த டெக்ஸ்ட் ஃபைல்தான். அதைச் சும்மா அப்படியே கொண்டுபோய் நீட்ட அவருக்கு மனம் வரவில்லை. எந்த மாதம் எத்தனை சொல், எவ்வளவு வேகமாகக் கூடிக்கொண்டு வருகிறது என்று அழகாகக் காட்ட வேண்டும். கையால் எண்ணினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கணக்கு வந்தது. அப்போதுதான் நூலக மாடியில் சாயங்கால வகுப்பு, புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள், கட்டணம் கிடையாது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார்.

வகுப்பு எடுத்தவள் ஓர் இளம்பெண். பகலில் ஏதோ அலுவலகத்தில் வேலை, சாயங்காலம் இங்கே. இவரைவிடச் சின்னவள்தான், ஆனாலும் இவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு இவர் அண்ணா. வகுப்பில் எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு 'ஏன் அங்கிள்' என்று பெயர் விழுந்துவிட்டது. நம் சலூன்காரருக்கு அந்த 'ஏன்' எல்லாம் கிடையாது. சொன்னதைச் செய்வார். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் திருதிருவென்று விழிப்பார். அப்படியே திக்கித் திணறிப் பாதிப் படிப்பைத் தாண்டிவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு வாரம் இருந்தது. அன்றைக்கு வகுப்பில் டெக்ஸ்ட் ஃபைல் பாடம். ஃபைலை எப்படிப் படிப்பது, அதில் எப்படி எழுதுவது. இதற்காகத்தானே அவர் இத்தனை நாள் காத்திருந்தார்! சீக்கிரமே கடையை மூடிவிட்டுக் கிளம்ப நினைத்த நேரத்தில் செக்கர் வந்து நாற்காலியில் சாய்ந்தார். முகம் முழுக்க நுரை பூசியாகிவிட்டது. பாதிக் கன்னம் மழித்தும் ஆகிவிட்டது. அப்போது பெஞ்சிலிருந்து இறங்கி வந்த குட்டி, செக்கரின் மூக்குக்கு நேரே விரலை நீட்டினாள்.

"நுரை."

நல்லவேளை, கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டார் சலூன்காரர். இல்லையென்றால் செக்கர் துள்ளிய துள்ளலுக்கு ரத்தம் பார்த்திருக்கும். "கேட்டியா தம்பி? என்னப் பாத்து சொன்னா! தெளிவா சொன்னா! குட்டி, இன்னொரு தரம் சொல்லு!" குட்டி இன்னொரு தரமும் சொன்னாள். அப்புறம் செக்கர் வாசலில் நின்று, பாதி முகத்தில் நுரையோடு, போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து உட்காரவைத்து மிச்சக் கன்னத்தை மழிப்பதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது.

மூச்சு வாங்க அவர் நுழைந்தபோது டீச்சர் பலகையில் பாதியை அழித்துக்கொண்டிருந்தாள். அழியாமல் மிச்சமிருந்தது இவ்வளவுதான்: படிக்க ஆர், எழுத டபிள்யூ. "இப்ப நீங்களே ஒரு ஃபைல் வெச்சு செஞ்சு பாருங்க" என்றாள். மற்றவர்கள் 'வணக்கம்' என்றும் 'சோதனை' என்றும் எழுதிப் பார்த்தார்கள். சலூன்காரர் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார். அதில்தான் குட்டியின் ஃபைல் இருந்தது. படிக்கவா வந்தார் அவர்? எழுத வந்தார். நுரை என்ற சொல்லைத் தன் கையால் எழுதிய புரோகிராம் மூலமாகவே அதில் சேர்த்துவிட வேண்டும், வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமை அடிக்க வேண்டும். மூன்றே வரி. எழுத டபிள்யூ. ஓட்டினார். ஒரு தப்பும் காட்டவில்லை. முதல் தடவையே தப்பில்லாமல் ஓடியதில் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஃபைலைத் திறந்து பார்த்தார். 'நுரை' என்று இருந்தது. மேலே நகர்த்தினார், ஒன்றுமில்லை. கீழே நகர்த்தினார், அங்கும் ஒன்றுமில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தார். நுரை. அவ்வளவுதான்.

"அண்ணா, என்னாச்சு? ஏன் முகம் இப்படி வெளிறிப் போச்சு?"

"டீச்சர்... பழசெல்லாம் காணோம்."

அவள் திரையைப் பார்த்தாள். அந்த ஓர் எழுத்தைப் பார்த்ததும் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஐயோ, டபிள்யூ போட்டீங்களா?"

"எழுதறதுக்கு அதுதானே போட்டிருந்தீங்க?"

"எழுதறதுக்குத்தான் அண்ணா. ஆனா அது, உள்ள இருக்கறத மொத்தமா துடைச்சிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கும். இருக்கறதோட சேக்கணும்னா ஏ போடணும். வகுப்பு ஆரம்பிச்சதும் மொத வேலையா அதைத்தான் சொன்னேன். பலகையில பெரிசா எழுதியும் போட்டேன். இடம் பத்தலேன்னு நான்தான் அழிச்சேன்..."

"ஏன் துடைக்கணும்? ஒரு வார்த்த கேக்காம ஏன் துடைக்கணும்?" என்றார் ஏன் அங்கிள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதுதானே, கேட்டிருக்கலாம் இல்லையா?

"வேற எங்கயாவது காப்பி வெச்சிருக்கீங்களா?"

இல்லை. இரண்டு இடத்தில் இருந்தால் எது சரி, எது பழசு என்று குழப்பம் வரும் என்று, கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததை வெட்டி எடுத்துத்தான் இதில் ஒட்டியிருந்தார். அவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர். கடையிலும் அப்படித்தான். நாற்காலியில் அடுத்த ஆள் உட்காருமுன் தரையில் கிடக்கிற முடியைக் கூட்டித் தள்ளாமல் கத்திரியைத் தொடமாட்டார். இந்த டபிள்யூவும் அதைத்தான் செய்திருக்கிறது, புது ஆளுக்காகத் தரையைக் கூட்டியிருக்கிறது. அவரால் அதன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

டீச்சர் விடவில்லை. அழிந்ததை மீட்டெடுக்க என்னென்னவோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். எப்போதோ அழித்த இரண்டு பாட்டும், தாடியை எப்படியெல்லாம் வெட்டலாம் என்கிற படம் ஒன்றும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தன. குட்டியின் சொற்கள் வரவில்லை.

வீட்டில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணி ஆலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு தையல் கோணினாலும் கண்டுபிடித்துவிடுகிறவளிடம் முகத்தை மறைக்க முடியுமா?

"என்னங்க, யார்கிட்ட சண்ட?"

சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. அப்புறம் நம்பினாள், நம்பியதும் பிடித்துக்கொண்டாள். "எத்தன தடவ தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்? அந்தக் குச்சிய சட்டைப் பையில போட்டுட்டு ஊரச் சுத்தாதீங்கன்னு! வெறும் நோட்டுல எழுதியிருந்தா போயிருக்குமா? எல்லாரும் எழுதறதுக்குத்தான் படிக்கப் போவாங்க, நீங்க ஒருத்தர்தான் அழிக்கறதுக்குப் படிச்சிருக்கீங்க!"

அவருக்கோ திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்றிருந்தது. திட்டி முடித்ததும் அவள் மடித்த துணியைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி, இப்படியே தலையில கை வெச்சிட்டு உக்காந்தா ஆச்சா? ஞாபகம் இருக்கறதச் சொல்லுங்க."

இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சீப்பு, பவுடர், தண்ணி, வேணாம், லைட்டு, பந்து. கொஞ்ச தூரம் மளமளவென்று வந்தது. அப்புறம் சிக்கல் ஆரம்பித்தது. "நிலா சொன்னாளே?" என்றார் அவர். "சொன்னாளா, நாம சொல்லிக் குடுத்தோமா?" என்றாள் அவள். அவள் சொன்னது எது, சொல்ல வேண்டும் என்று இவர்கள் ஆசைப்பட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. பொய்யாக ஒரு சொல்லை எழுத இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. எழுதினால் அது பிள்ளையை ஏமாற்றுவதுபோல் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் திறக்காததுமாகச் செக்கர் வந்து நின்றார். ஷேவிங்குக்கு அல்ல. "நுரை ஏறிடுச்சா தம்பி கம்ப்யூட்டர்ல?"

"அது ஒண்ணுதான் சார் இருக்கு" என்று நடந்ததைச் சொன்னார் சலூன்காரர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

செக்கர் தாடையைத் தடவினார். "விசில் எழுதியிருந்தியா?"

"எந்த விசில்?"

"என் சாவிக்கொத்துல தொங்குதே, இது. கேட்டு வாங்கி ஊதுனாளே, 'விசில்'னு சொல்லித்தான் கேட்டா. போன மழைக்காலத்துல."

"எனக்குத் தெரியாதே சார்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ அப்ப டீ வாங்கப் போயிட்டே."

முதல் ஆளாக வந்து நாற்காலியில் இருந்த மருந்துக்கடைக்காரர் கழுத்துத் துணியோடு திரும்பினார். "என் கடையில 'கசப்பு'ன்னு சொல்லியிருக்கா. மருந்த வாயில வெச்சிட்டு, மூஞ்சியச் சுளிச்சிட்டு. நான் நிஜமா சிரிச்சிட்டேன்."

சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். இரண்டு சொல். இரண்டுமே அழிந்துபோன ஃபைலில் இல்லாதவை. குட்டி தன்னிடமும் தன் மனைவியிடமும்தான் பேசுகிறாள் என்று அவர் நினைத்திருந்தார். இவள் தெருவெல்லாம் பேசிக்கொண்டு திரிந்திருக்கிறாளே, கள்ளி!

"எழுது தம்பி" என்றார் செக்கர். "ஆனா சொல்ல மட்டும் எழுதாத. யார்கிட்ட சொன்னா, எங்க சொன்னா, ரெண்டும் சேத்து எழுது. சாட்சி இல்லாம நான் ஒருத்தனுக்கும் அபராதம் போட்டதில்ல."

விஷயம் டீச்சரின் காதுக்குப் போனது. அடுத்த நாளே அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். ஆண்கள் சலூன். அந்த நாற்காலியில் இதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. அவள் பாட்டுக்குக் கம்ப்யூட்டர் பக்கம் அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வாங்க அண்ணா, ஆரம்பிக்கலாம்" என்றாள். புரோகிராம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். என்ன சொல்? யாரிடம்? எங்கே? பதிலைக் கொடுத்தால் ஃபைலின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். டீச்சர் சொல்லச் சொல்ல அவர்தான் தட்டினார். அன்றைக்கு டபிள்யூ போட்ட இடம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஏ" என்றாள் அவள்.

"ஏ" என்றார் அவர். தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"தினமும் கடை மூடும்போது எனக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க. அண்ணி ஃபோன்ல ஒண்ணு இருக்கட்டும். எங்க வேணா இருக்கட்டும், ஒரே இடத்துல மட்டும் இருக்க வேணாம்."

"டீச்சர், உங்களுக்கு நான் என்ன..." என்று இழுத்தார். "உங்க அப்பாவ அனுப்புங்க. அவருக்கு உயிரோட இருக்கறவரைக்கும் இங்க முடிவெட்டு இலவசம்."

"அப்பாவுக்கு வழுக்க அண்ணா" என்றாள் டீச்சர். கடை கொல்லென்று சிரித்தது. ஃபைல் அழிந்தபிறகு அவர் முதல் தடவையாகச் சிரித்ததும் அப்போதுதான்.

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே கடையை! முடிவெட்ட வந்தவர்களைவிடச் சொல் கொடுக்க வந்தவர்கள் அதிகம். மாடிவீட்டு அக்கா இறங்கி வந்தாள். "என்னப் பாத்து 'போ'ன்னு சொன்னா. வெக்கப்படாம அதையும் எழுதுங்க." காய்கறிக்காரி தள்ளுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்து 'பச்ச' சொன்னாள் என்றாள், 'அழுகல்' என்றும் சொன்னாள் என்றாள். "என் வியாபாரத்தையே கெடுத்துட்டா உங்க பொண்ணு!" சலூன்காரரின் மச்சான் வேன் ஓட்டுகிறவன், ஆளைப் பார்ப்பதே அபூர்வம். அவன் வந்து, "மாமா, என்னைய அவ 'மாமா'ன்னு கூப்பிட்டிருக்கா" என்றான்.

செக்கர் குறுக்கே புகுந்தார். "எப்ப? எங்க? யார் பாத்தது?"

மச்சான் தலையைச் சொறிந்தான். "சரி, உண்மையச் சொல்றேன். 'ஹாரன்'னுதான் கூப்பிட்டா. என் பேரே அதுதான்னு நெனச்சிட்டிருக்கா."

ஹாரன் என்று எழுதப்பட்டது. ஹாரன், மச்சானிடம், வேனுக்குள்.

சலூன்காரர் ஒவ்வொரு வரியையும் தட்டும்போது அவருக்குள் ஏதோ இளகிக்கொண்டே போனது. தான் ஒருவர்தான் இந்தப் பிள்ளைக்காகக் காது கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தார். இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டதை மறக்காமல் வைத்திருக்கிறார்கள். இவர்களிலே பாதிப் பேரைப் பிசினாறி என்றும் வாயாடி என்றும் மனசுக்குள் திட்டியிருக்கிறாரே! மருந்துக்கடைக்காரர் ஷேவிங்குக்கு வந்தபோது அவருக்கு வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தலையைப் பிடித்துவிட்டார். "என்னப்பா, இன்னைக்கு இவ்வளவு நேரம்?" என்று அவர் கேட்டதற்கு, "சும்மா சார், இருங்க" என்றார்.

பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மனைவி வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தாள். "நகருங்க, நானும் ஒண்ணு போடணும்." அவர் நகர்ந்தார். அவள் ஒற்றை விரலால் தட்டினாள். என்ன சொல்? அம்மா. யாரிடம்? என்னிடம். எங்கே? பஸ்ஸில்.

"அதான் இருக்கே" என்றார் அவர். "நாலாவதோ அஞ்சாவதோ. வீட்டுல, சாப்பிடும்போது சொன்னா."

"அது உங்க எதிர்ல சொன்னது. பஸ்ல சொன்னது அதுக்கு முன்னாடி." அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "'அப்பா'வுக்கும் முன்னாடி."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் சாயங்காலம் கடைக்கு வந்தேன். வந்து பாத்தா நீங்க குதிச்சிட்டிருக்கீங்க. மொத வார்த்த அப்பாதான்னு தெருவுக்கே ஷேவிங். மீச முளைக்காத பையனுக்கெல்லாம் நுரையப் பூசிட்டு நிக்கறீங்க. அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படிங்க சொல்றது?"

இரண்டு வருஷம்! இரண்டு வருஷமாக ஒவ்வொருவரிடமும் அவர் அந்தப் பெருமையைப் பேசும்போது இவள் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ பெரிய ஆளும்மா" என்றார்.

"விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் அவள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையின் அறை சின்னதாக, சுத்தமாக இருந்தது. மேசைமேல் சாக்பீஸ் டப்பா, மணி, பிள்ளைகள் வரைந்த படங்கள். குட்டி வழக்கம்போல அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். வாய்க்குப் பூட்டு விழுந்தாகிவிட்டது. டீச்சர் இரவல் கொடுத்திருந்த லேப்டாப்பை மேசையில் வைத்துத் திறந்தார் சலூன்காரர். மாதாமாதம் எத்தனை சொல் என்று காட்டத்தான் அவர் படிக்கப் போனது. இப்போது அதைக் காட்ட வழியில்லை. பழைய தேதிகள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்தது சொல், யாரிடம், எங்கே, அவ்வளவுதான்.

"தேதி இல்லீங்க மேடம்" என்று ஆரம்பித்தார். "என் தப்பு. ஒரு எழுத்த மாத்திப் போட்டுட்டேன், எல்லாம் அழிஞ்சிடுச்சு. இது மறுபடி எல்லார்கிட்டயும் கேட்டு எழுதுனது. எத்தனையோ விட்டுப்போயிருக்கும். ஆனா இதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல."

தலைமையாசிரியை லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். நெற்றியில் விழுந்து விழுந்து கண்ணை மறைத்த முடியை ஒதுக்கிக்கொண்டே படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். 'அழுகல்' என்ற வரியாகத்தான் இருக்கும். சலூன்காரர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

"இவங்கல்லாம் யாரு? செக்கர், மருந்துக்கடை, மாடிவீடு, வேன்..."

"எங்க தெரு ஆளுங்க மேடம். கடைக்கு வர்றவங்க."

"சொந்தக்காரங்களா?"

"மச்சான் மட்டும்தாங்க. மத்தவங்க..." சொந்தமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "மத்தவங்க தெரு ஆளுங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நான் எதுக்குக் கேட்டேன்னு சொல்றேன். நெறைய சொல் தெரிஞ்ச பிள்ளைங்க வருவாங்க. பட்டியல் நீளமா இருக்கும். ஆனா அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் மட்டும்தான் பேசுவாங்க. இங்க அம்மாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது. தண்ணி வேணும்னாக்கூடக் கேக்கத் தெரியாம உக்காந்து அழுவாங்க. உங்க பொண்ணும் அப்படித்தான்னு நெனச்சேன். நீங்க தேதி போட்டு எவ்வளவு பெரிய பட்டியல் குடுத்திருந்தாலும் இன்னும் ஒரு வருஷம்னுதான் சொல்லியிருப்பேன்." திரையில் 'யாரிடம்' என்ற இடத்தை விரலால் மேலிருந்து கீழே தடவிக்காட்டினார். "இது அப்படி இல்லியே. தெருவோட பேசறவ எங்ககூடவும் பேசிடுவா. கொஞ்ச நாள் ஆகும், ஆகட்டும். பள்ளிக்கூடம் திறக்கற அன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

சலூன்காரரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கோ அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. விசிலைக் காட்டிய செக்கர், லீவு போட்ட டீச்சர், வண்டியை வெயிலில் விட்டுவிட்டு வந்த காய்கறிக்காரி என்று ஒவ்வொரு முகமாக வந்து போனது. இவர்களுக்கெல்லாம் என்ன செய்து இந்தக் கடனைத் தீர்ப்பது? தீர்க்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றும் பட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது குட்டி அம்மாவின் பின்னால் இல்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு போய்த் தலைமையாசிரியையின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவருடைய நெற்றியில் விழுந்துகொண்டிருந்த முடியையே உற்றுப் பார்த்தாள். கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்து யார் தலை என்று பார்ப்பாளே, அதே பார்வை. அப்புறம் இரண்டு விரலைக் கத்திரிபோல நீட்டினாள்.

"வெட்டு" என்றாள்.

ஐயோ என்று எழுந்துவிட்டார் சலூன்காரர். "மேடம், மன்னிச்சிக்குங்க, சின்னப் பிள்ள..."

தலைமையாசிரியை சிரித்த சிரிப்பில் மேசைமேல் இருந்த சாக்பீஸ் உருண்டது. "ரொம்பச் சரியாச் சொல்றா! ஒரு மாசமா நானும் வெட்டணும் வெட்டணும்னுதான் இருக்கேன்." கண்ணீரைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினார். "என்ன பாத்துட்டு நிக்கறீங்க? எழுதுங்க."

அவர் உட்கார்ந்தார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மறுபடியும் எல்லாத்தையும் கூட்டித் தள்ளிடாதீங்க" என்று முணுமுணுத்தாள்.

என்ன சொல் என்று கேட்டது புரோகிராம். வெட்டு என்று தட்டினார். யாரிடம் என்று கேட்டது. தலைமையாசிரியை அம்மாவிடம் என்று தட்டினார். எங்கே என்று கேட்டது.

ஒரு வருஷமாகப் பழைய பையை மாட்டிக்கொண்டு கடைவாசல்வரை போய்த் திரும்பிய பிள்ளை, இப்போது மேசைமேல் இருந்த மணியை அடிக்கலாமா என்று தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலூன்காரர் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார்.

பள்ளிக்கூடத்தில்.